இந்த இஸ்யூவில கை வைக்கலாமோ? மூண்டு இருக்கு, ஒண்டைச் சொல்லுங்கோ

பனங்கொட்டை | வெள்ளி இரவு 9.40

எல்லாருக்கும் வணக்கம். யாழ்ப்பாணம் தின்னவேலியில கம்பஸ், மூண்டாம் வருஷம். ஜாவாஸ்கிரிப்ட் ஓரளவு ஓடும், கிட் பயமில்லை, டேட்டாபேஸ் பாடத்தில படிச்ச அளவுக்குத் தெரியும். இந்த லீவுக்குள்ள ஏதாவதொரு ஓப்பின் சோர்ஸ் (கோட் எல்லாருக்கும் திறந்து கிடக்கிற) ப்ரொஜெக்டுக்கு உருப்படியா ஒண்டு செய்வம் எண்டு ஒரு கிழமையா கிட்ஹப்பில மினக்கெடுறன். மூண்டு இஸ்யூ, அதாவது பாவிக்கிறவை எழுதி வச்ச பிழை முறைப்பாடு, எடுத்து வச்சிருக்கிறன். எதில இறங்கிறது எண்டு விளங்கேல்ல.

முதலாவது, எல்லாருக்கும் பேர் தெரிஞ்ச பெரிய ப்ரொஜெக்ட். செட்டிங்ஸ் பக்கத்தில ஒரு பட்டன் டார்க் மோடில தெரியேல்ல. 'குட் ஃபர்ஸ்ட் இஸ்யூ' (புது ஆக்கள் தொடங்க லேசானது) லேபல் இருக்கு. போட்டு ஏழு மாசம், கீழ 41 கொமென்ட்.

இரண்டாவது ஒரு வீடியோ எடிட்டர். நாலு வருஷப் பழைய மெமரி லீக், பாவிக்கப் பாவிக்க மெமரி ஏறிக்கொண்டே போகும். 300 க்கு மேல தம்ஸ்அப். இதைத் திருத்தினால் சனம் கும்பிடும்.

மூண்டாவது, நான் நாள்தோறும் பாவிக்கிற நோட்ஸ் ஆப். 'எங்கட மொழியில தேடினால் சம்பந்தமில்லாத நோட் எல்லாம் வருது' எண்டு மலையாளத்தில எழுதுற ஒராள் போட்டிருக்கிறார். லேபல் இல்லை. ரெண்டே ரெண்டு கொமென்ட். தமிழிலயும் உந்தப் பிரச்சினை இருக்கு, எனக்குத் தெரியும்.

ஆப் பேர்களைச் சொல்லமாட்டன். சொன்னால் எல்லாரும் போய் 'பிளஸ் வன்' போடுவியள்.

மின்வெட்டு | வெள்ளி இரவு 9.52

இதென்ன கேள்வி? முதலாவதை எடும். ப்ரொஜெக்டை நடத்துற மெயின்டெய்னரே லேபல் ஒட்டி வா வா எண்டு கூப்பிடுறான். ரெண்டு வரி சீ.எஸ்.எஸ். பெரிய ப்ரொஜெக்ட் பேர் சீவியில ஏறும். கொழும்பில இன்டர்வியூ எடுக்கிறவன் உம்மட நோட்ஸ் ஆப்பை வாழ்க்கையில கேள்விப்பட்டிருக்க மாட்டான்.

சுன்னாகத்தான் | வெள்ளி இரவு 10.30

தம்பி, அந்த முதலாவதை விடும். ரெண்டு வரி வேலை ஏழு மாசமாக் கிடக்குது எண்டால், செய்ய ஆளில்லாமலோ கிடக்குது? இஸ்யூப் பக்கத்தில அப்படியே கீழ இறங்கிப் போம். 'இந்த பி.ஆர். இந்த இஸ்யூவைக் குறிப்பிடுது' எண்டு இடையிடை சாம்பல் நிறத்தில வரிகள் இருக்கும். (பி.ஆர். எண்டால் ஒராள் தன்ர கோட் மாற்றத்தைச் சேர்க்கச் சொல்லிக் குடுக்கிறது.) அதில எத்தினை இன்னும் திறந்து கிடக்கு எண்டு எண்ணும். நாலஞ்சு கிடந்தால் அங்க இல்லாதது கோட் இல்லை, பாத்து மெர்ஜ் பண்ண, அதாவது உள்ளுக்க சேர்க்க, ஆள். நீர் ஆறாவதாப் போய் வரிசையில நிக்கப் போறீர்.

நான் ஒரு ப்ரொஜெக்டுக்குள்ள போனால் முதல்ல இஸ்யூப் பக்கத்தைத் திறக்கிறதே இல்லை. மூடின பி.ஆர். பட்டியலுக்குப் போவன். அதில மெயின்டெய்னர் அல்லாத வெளியாக்கள் போட்டதில ஒரு பத்தை எடுத்துப் பாப்பன். எத்தினை மெர்ஜ் ஆச்சு? முதல் பதில் வர எத்தினை நாள்? பதில் எந்தத் தொனியில வந்தது? பத்தில ஆறேழு மெர்ஜ், முதல் பதில் ஒரு கிழமைக்குள்ள எண்டால் அந்த வீட்டில ஆக்கள் இருக்கினம். கடைசிக் கொமிட் (கோட் மாற்றம்) நேற்று எண்டு பாத்து மட்டும் ஏமாறாதையும். டிபென்டபொட் எண்ட தானியங்கி போட்ட கொமிட்டா இருக்கும். முத்தத்தில லைட் எரியுது எண்டதுக்காக உள்ளுக்க சனம் இருக்கு எண்டில்லை.

பனங்கொட்டை | வெள்ளி இரவு 10.58

தம்பி இல்லை அண்ணா, தங்கச்சி.

எண்ணிப் பாத்தன். 6 பி.ஆர். திறந்து கிடக்கு, எல்லாம் அதே பட்டனுக்கு. 41 கொமென்டில 29 'எனக்கு அசைன் பண்ணுங்கோ'. அதில ரெண்டு பேருக்கு அசைன் பண்ணி, ரெண்டு பேரையும் பிறகு காணேல்ல.

நோட்ஸ் ஆப்பிலயும் நீங்கள் சொன்ன மாதிரிப் பாத்தன். வெளியாக்கள் போட்ட கடைசிப் பத்தில 7 மெர்ஜ். முதல் பதில் பெரும்பாலும் நாலஞ்சு நாளுக்குள்ள. ஆனா மெயின்டெய்னர் ரெண்டே பேர்.

சுன்னாகத்தான் | வெள்ளி இரவு 11.05

மன்னிக்கோணும் தங்கச்சி. ரெண்டு பேர் காணும். பதில் சொல்லுற ரெண்டு பேர், பதில் சொல்லாத இருவது பேரை விட நல்லம்.

மின்வெட்டு | வெள்ளி இரவு 11.20

எல்லாரும் உந்த மாதிரி ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தால் ஒருத்தனும் ஒண்டும் செய்யான். நான் ஹக்டோபர்ஃபெஸ்டில, அந்த ஒக்டோபர் மாச ஓப்பின் சோர்ஸ் நிகழ்வில, நாலு பி.ஆர். போட்டு டீஷேர்ட் எடுத்தனான்.

ஒடியற்கூழ் | சனி காலை 6.15

ஓமோம், அந்த டீஷேர்டின்ர வரலாறு எங்களுக்கும் தெரியும். 2014 இல நல்ல மனசோட தொடங்கினது. 2020 ஒக்டோபரில ரீட்மீ எண்ட அறிமுக ஃபைலில ஒரு சொல்லை மாத்தி ஆயிரக்கணக்கில பி.ஆர். கொட்டி, மெயின்டெய்னர்கள் தலையில கை வச்சு, கடைசியா நடத்தினவையே அந்த மாசத்துக்குள்ளயே விதியை மாத்தினவை: விரும்பிற ப்ரொஜெக்ட் மட்டும் தானாப் பேர் குடுத்துச் சேரட்டும் எண்டு. நீர் போட்ட நாலில எத்தினை ரீட்மீ?

மின்வெட்டு | சனி காலை 8.40

மூண்டு. பெரிய கதை கதைக்காதையுங்கோ.

வேப்பம்பூ | சனி காலை 9.10

பிள்ளை, இரண்டாவதைப் பற்றி ஒருத்தரும் கதைக்கேல்ல, அதால நான் சொல்லுறன். 300 தம்ஸ்அப் எண்டது எத்தினை பேருக்கு நோகுது எண்டதுக்குக் கணக்கு. திருத்த ஏலுமோ, திருத்தினால் எடுப்பினமோ எண்டதுக்கு இல்லை. சில இடத்தில தம்ஸ்அப்புக்கு நேரடியாவே வேலை இருக்கு, வி.எஸ். கோட் எண்ட கோட் எழுதுற எடிட்டரில ஒரு புது வசதி கேட்டால் 60 நாளுக்குள்ள 20 வோட் விழாட்டி மூடிப்போடுவினம். அது வசதிகளுக்கு. பக் எண்டால் நான் பாக்கிறது ஒண்டே ஒண்டு: திரும்பவும் வரவைக்கிற வழி எழுதியிருக்கோ?

உங்கட அந்த லீக் இஸ்யூவில 'இந்த ஃபைலைத் திற, இத்தினை தரம் இதைச் செய், மெமரி இவ்வளவால ஏறும்' எண்டு ஆராவது எழுதியிருக்கினமோ? இல்லை, 'எனக்கும் வருது', 'சிலவேளை வருது', 'இந்த வேர்ஷனிலயும் வருது' மட்டுமோ? ரெண்டாவது ரகமெண்டால், நாலு வருஷமா அது ஒரு பக் இல்லை, அஞ்சாறு வேற வேற பக் ஒரே தலைப்புக்குக் கீழ கூடியிருக்கு. ஒண்டைத் திருத்தினாலும் 'எனக்கு இன்னும் வருது' எண்டு மற்றவை சொல்லுவினம், இஸ்யூ மூடாது.

இன்னொண்டு. உங்கட லெப்டொப் என்ன? வீடியோ எடிட்டர் எண்டால் சீ பிளஸ் பிளஸ். அதைப் பில்ட் பண்ணிப் பாத்தனீங்களோ?

பனங்கொட்டை | சனி மதியம் 1.30

ரெண்டாவது ரகம்தான் அக்கா. ஒருத்தரும் வழி எழுதேல்ல. இடையில, கன நாள் அசையாமல் கிடக்கிற இஸ்யூவைத் தானா மூடுற ஸ்டேல் பொட் ரெண்டு தரம் மூடி, ரெண்டு தரமும் ஆரோ திறந்திருக்கினம்.

லெப்டொப் 8 ஜீபி. விடிய ஏழு மணிக்குப் பில்ட் போட்டன். பத்தேகாலுக்கு மெமரி காணாமல் நிண்டுட்டுது. அதுக்கிடையில டிபென்டன்சி (அதுக்குத் தேவையான மற்ற லைப்ரரிகள்) இறக்கினதில இந்த மாச டேட்டாவில பாதி போட்டுது. அறைக்காரி இனி என்னை ஹொட்ஸ்பொட்டுக்குக் கிட்ட விடமாட்டாள்.

கச்சான்கடலை | சனி மாலை 4.45

நான் மற்றப் பக்கத்தில நிண்டு சொல்லுறன். எனக்கு ஒரு சின்ன லைப்ரரி இருக்கு, திகதி மாத்திறது. பெருசா ஒண்டுமில்லை, ஆனா ஆரோ பாவிக்கினம். வேலை முடிஞ்சு, பிள்ளையைப் படுக்கப் போட்டு, இரவு பத்துக்குப் பிறகுதான் அதைத் திறக்கிறது. லேபல் எண்டது நான் ஒருநாள் இரவு நித்திரைத் தூக்கத்தில ஒட்டினது. 'லேசு' எண்டு நான் போட்ட ஒண்டு, பிறகு நானே மூண்டு நாள் இருந்து திருத்தினது. அதால லேபலைப் பெருசா நம்பாதையுங்கோ. லேபலுக்குக் கீழ என்ன எழுதியிருக்கு எண்டு பாருங்கோ. லிப்ரே ஒஃபிஸில புது ஆக்களுக்கு ஈசி ஹக்ஸ் எண்டு வச்சிருக்கினம். எந்த ஃபைல், எந்த இடம் எண்டு கோட் பொயின்டரோட வரும். அந்த மாதிரி ஒராள் இருந்து எழுதியிருந்தால் அந்த லேபலுக்குப் பெறுமதி. ஜாங்கோ எண்ட வெப் ஃப்ரேம்வேர்க்கில டிக்கெட் (அங்க இஸ்யூவுக்குப் பேர்) 'அக்செப்டட்' நிலைக்கு வந்தாப் பிறகுதான் கை வைக்கலாம். அதுக்கு முதல் எவ்வளவு வடிவா எழுதிக் குடுத்தாலும், 'இது எங்களுக்கு வேணுமோ?' எண்ட கேள்விதான் முதல்ல வரும்.

மெயின்டெய்னருக்கு நேரம் போறது கோட் எழுதேக்க இல்லை, வாசிக்கேக்க. கேர்ல் எண்ட டேட்டா இறக்கிற டூலை நடத்துற டேனியல் ஸ்டென்பெர்க் வெளிப்படையாவே புறுபுறுக்கிறார், ஏ.ஐ. எழுதித் தாற பொய்ப் பாதுகாப்பு ரிப்போர்ட்டுகளைப் படிச்சே நேரம் போகுதெண்டு. வடிவான இங்கிலீஷ், உள்ளுக்க ஒண்டுமில்லை. என்னட்டயும் வந்தது ஒண்டு. இல்லாத ஒரு ஃபங்ஷனில ஓட்டை இருக்கு எண்டு.

அதால என்ர கணக்கு இது: உங்கட பி.ஆர். வந்தால் எனக்கு வேலை கூடுமோ, குறையுமோ? உங்கட மூண்டிலயும் மூண்டாவதுதான் நல்லம் எண்டு நினைக்கிறன். ஏனெண்டால் அந்த ரெண்டு மெயின்டெய்னரும் தங்கட வாழ்க்கையில தமிழில தேடிப் பாத்திருக்க மாட்டினம். உங்களால மட்டும் பாக்கக்கூடிய விஷயம் அது.

ஆனா கோடைத் தொட முதல் பிழையை வடிவாப் பிடிச்சுக் காட்டுங்கோ. 'சம்பந்தமில்லாதது வருது' எண்டது காணாது. எது வருது, எது வரேல்ல?

பனங்கொட்டை | ஞாயிறு இரவு 8.20

சரி. நேற்றிரவும் இண்டைக்கும் இருந்து பாத்தன். புது நோட்புக் திறந்து சின்னச் சின்ன நோட்டா எழுதி வச்சுத் தேடினன்.

'பால்' எண்டு தேடினன். 'பால்காரருக்குக் குடுக்க வேண்டியது' வந்தது, சரி. அதோட 'கரண்ட் பில்' வந்தது. 'புல் வெட்டுற மெஷின்' வந்தது. 'போன வருஷம் போல' எண்டு தொடங்கிற நோட் வந்தது.

ஆனா 'பல் டொக்டர்' வரேல்ல. இதுதான் எனக்கு விளங்கேல்ல. பில் வருது, புல் வருது, பல் வரேல்ல.

'வேல்' எண்டு தேடினன், நல்லூரில எடுத்த படத்துக்கு எழுதின நோட்டுக்காக. கொக்குவில் வாடகைக் கணக்கு முழுக்க வந்து நிக்குது.

கோடைப் பாத்தன். தேடுறது எஸ்கியூலைட் டேட்டாபேஸுக்குள்ள, அதின்ர தேடல் பகுதி எஃப்.டி.எஸ். 5. டோக்கனைசர், அதாவது எழுதினதைச் சொல்லுச் சொல்லா வெட்டுறது, ஒண்டும் தனியாச் சொல்லேல்ல, அப்ப அதின்ர டிஃபோல்ட்தான்.

ஒடியற்கூழ் | ஞாயிறு இரவு 9.05

அட, இது வடிவான பக்! 'பல்' வராததிலதான் முழுக் கதையும் இருக்கு.

எஃப்.டி.எஸ். 5 இன்ர டிஃபோல்ட் டோக்கனைசர் யூனிகோட்61. அது எழுத்து, எண் வகைகளை மட்டும்தான் சொல்லின்ர பகுதி எண்டு எடுக்கும். எங்கட விசிறியும் கொம்பும் (ெ) அரவும் (ா) புள்ளியும், எழுத்துகளுக்கு எண் குடுக்கிற யூனிகோடில எழுத்து வகையில இல்லை, குறி வகையில இருக்கு. அதால கால்புள்ளி, இடைவெளி மாதிரி அந்த இடத்தில சொல்லை வெட்டிப்போடும்.

இப்ப 'பால்' எண்டதை வெட்டுங்கோ. ப, பிறகு அரவு, ல, பிறகு புள்ளி. குறியில வெட்டினால் மிச்சம் 'ப', 'ல' எண்டு ரெண்டு துண்டு. 'பில்'லும் 'ப', 'ல'. 'புல்'லும் அதுதான். 'போல'வும் அதுதான். ஆனா 'பல்'லில பவுக்கும் லவுக்கும் நடுவில குறி இல்லை. கடைசிப் புள்ளி மட்டும்தான் வெட்டுப்படும். மிஞ்சுறது 'பல' எண்ட ஒரே துண்டு. அதால அகப்படேல்ல.

'கொக்குவில்' எண்டால் க, க, க, வ, ல. கடைசி ரெண்டு துண்டும் உங்கட 'வேல்'. இனி ஆரும் கேட்டால் முருகன் கொக்குவிலிலதான் வேலை வச்சிட்டுப் போனவர் எண்டு சொல்லுங்கோ.

மலையாளக்காரர் சொன்னதும் இதேதான். ஹிந்தி, சிங்களம் எல்லாத்துக்கும் இருக்கும்.

பனங்கொட்டை | ஞாயிறு இரவு 9.31

ஐயோ. அப்ப இவ்வளவு நாளும் மெய்யெழுத்தைத்தான் தேடிக்கொண்டிருந்தனானோ.

டொக்கியூமென்டைப் பாத்தன். எந்த யூனிகோட் வகைகளைச் சொல்லுக்குள்ள சேர்க்கிறது எண்டு டேபிள் உருவாக்கேக்கயே சொல்லலாம். குறி வகையையும் சேர்த்து என்ர மெஷினில ஓட்டினன். 'பால்' தேடினால் பால் மட்டும் வருது! ஒரே ஒரு வரி மாற்றம். இப்பவே பி.ஆர். போடட்டோ?

சுன்னாகத்தான் | ஞாயிறு இரவு 9.50

பொறும் பிள்ளை. மூண்டு கேள்வி.

ஒண்டு, எந்தக் குறி வகையைச் சேர்த்தனீர்? தமிழ்க் குறிகள் ஒரே வகையில இல்லை. புள்ளியும் ஈகாரக் குறியும் இடம் பிடிக்காத குறி. அரவும் கொம்பும் மற்றதுகளும் இடம் பிடிக்கிற குறி. ஒண்டை மட்டும் சேர்த்தால் 'பால்' சரியாகும், 'தீ' பிழைக்கும். இல்லாட்டி மறுவளமா. ரெண்டுக்கும் ரெஸ்ட் (சரிபாக்கிற கோட்) எழுதும்.

ரெண்டு, ஏற்கெனவே அந்த ஆப்பை வச்சிருக்கிற சனத்தின்ர மெஷினில பழைய டேபிள் கிடக்கு. டோக்கனைசர் டேபிள் உருவாக்கேக்க முடிவாகிறது. உம்மட ஒரு வரி புதுசா இன்ஸ்ரோல் பண்ணுறவனுக்கு மட்டும்தான் வேலை செய்யும். மற்றவனுக்கு அந்தத் தேடல் டேபிளை அழிச்சுத் திருப்பிக் கட்டோணும். இருவதினாயிரம் நோட் வச்சிருக்கிறவனுக்கு அது எவ்வளவு நேரம்? போனில எவ்வளவு நேரம்? அந்த நேரத்தில தேடினால் என்ன நடக்கும்? இதுதான் இந்த இஸ்யூவின்ர உண்மையான அளவு. கோட் ஒரு வரி, வேலை ஒரு மாசம்.

மூண்டு, மூடின பி.ஆர்.களில 'தேடல்', 'டோக்கனைசர்' எண்டு தேடிப் பாத்தனீரோ? உமக்கு முதல் ஆரோ வந்து போயிருப்பினம். எனக்கு ஒருக்கா நடந்தது. ரெண்டு கிழமை இருந்து எழுதிக் குடுத்தன். 'இதை மூண்டு வருஷத்துக்கு முதல் வேண்டாம் எண்டு முடிவெடுத்திட்டம்' எண்டு ஒரு லிங்கோட மூடினவை. கோவம் வந்தது. ஆனா லிங்க் அங்க கிடந்தது, வாசிக்காதது நான்.

பனங்கொட்டை | திங்கள் காலை 7.10

இருக்கு அண்ணா. ரெண்டு வருஷத்துக்கு முந்தின பி.ஆர்., மெர்ஜ் ஆகாமல் மூடினது. இஸ்யூவோட இணைக்கேல்ல, அதாலதான் எனக்குத் தெரியேல்ல. அவர் ட்ரைகிராம் டோக்கனைசரைப் போட்டிருக்கிறார், சீன மொழிக்காக. மெயின்டெய்னர் சொன்னது: இன்டெக்ஸ் (தேடலுக்கு வச்சிருக்கிற பட்டியல்) மிச்சம் பெருக்குது, எல்லாருக்கும் குடுக்க ஏலாது, வேணுமெண்டவை மட்டும் செட்டிங்ஸில போடுற மாதிரி மாத்துங்கோ. அதுக்குப் பிறகு அவர் வரேல்ல.

ஒடியற்கூழ் | திங்கள் காலை 7.45

ட்ரைகிராம் எங்களுக்குச் சரிவராது. மூண்டு மூண்டு குறியீடாப் பிடிச்சு வைக்கிறது அது. மூண்டுக்குக் குறைவாத் தேடினால் ஒண்டும் வராது. 'பூ' ரெண்டு குறியீடு. 'தீ' ரெண்டு. 'ஈ' ஒண்டு. பூக்கடை வச்சிருக்கிறவன் என்ன செய்யிறது?

ஆனா அந்தப் பி.ஆர். உங்களுக்குப் பொன். மெயின்டெய்னருக்கு எது நோகுது எண்டு தெரிஞ்சிட்டுது: இன்டெக்ஸின்ர அளவு. உங்கட மாற்றத்தில இன்டெக்ஸ் எவ்வளவு மாறுது எண்டு அளந்து கொண்டுபோங்கோ. கேக்க முதலே குடுங்கோ.

மின்வெட்டு | திங்கள் மதியம் 12.20

இவ்வளவு கரைச்சல் ஏன்? எஸ்கியூலைட்காரரிட்டச் சொல்லி டிஃபோல்டையே மாத்தச் சொல்லும். எல்லா ஆப்பும் ஒரே நாளில திருந்தும்.

கச்சான்கடலை | திங்கள் மதியம் 12.41

எஸ்கியூலைட் கோட் எல்லாருக்கும் சொந்தம், ஆனா வெளியாக்களிட்டப் பட்ச் வாங்கிற பழக்கம் இல்லை. தங்கட தளத்திலயே எழுதி வச்சிருக்கினம், ஓப்பின் சோர்ஸ்தான், ஓப்பின் கொன்ட்ரிபியூஷன் இல்லையெண்டு. கோபமில்லை, அது அவையின்ர முறை. அதோட டிஃபோல்டை மாத்தினால் உலகத்தில இருக்கிற எத்தினை இன்டெக்ஸ் குழம்பும் எண்டு யோசியுங்கோ. வழி ஏற்கெனவே குடுத்திருக்கினம். ஆப்காரர் பாவிக்கேல்ல, அவ்வளவுதான்.

இதையும் இஸ்யூ பாக்கேக்க பாக்கோணும்: பிழை இந்த வீட்டிலயோ, பக்கத்து வீட்டிலயோ எண்டு.

வேப்பம்பூ | திங்கள் இரவு 9.30

நான் தமிழாக்கம் செய்யிற ஆள், கோட் அவ்வளவாத் தெரியாது. ஆனா ஒரு சந்தேகம், ஆரும் சொல்லேல்ல எண்டதால கேக்கிறன்.

'கொ' எண்டதை ரெண்டு விதமாச் சேமிக்கலாம். க வோட ஒகரக் குறி, ஒரே குறியீடா. இல்லாட்டி க, ஒற்றைக் கொம்பு, அரவு எண்டு தனித்தனியா. கண்ணுக்கு ஒரே மாதிரி. பழைய மக் கொம்பியூட்டர்களில ஃபைல் பேர் எல்லாம் பிரிச்ச வடிவத்திலதான் கிடக்கும். நான் மொழிபெயர்ப்புக் கோப்புகளில உதோட பட்ட பாடு கொஞ்சமில்லை.

இப்ப பிழையா இருக்கிற தேடலில, குறியெல்லாம் வெட்டுப்படுறதால ரெண்டு 'கொ'வும் 'க' ஆகி, ஒண்டை ஒண்டு கண்டுபிடிக்கும். நீங்கள் திருத்தினாப் பிறகு குறியும் சொல்லின்ர பகுதி. அப்ப ஒரு 'கொக்குவில்' மற்றக் 'கொக்குவிலை'க் கண்டுபிடிக்குமோ?

பனங்கொட்டை | திங்கள் இரவு 11.48

கண்டுபிடிக்காது அக்கா. இப்ப ஓட்டிப் பாத்தன். பழைய கோடில வந்த நோட் என்ர கோடில வரேல்ல.

நான் அந்த ஒரு வரியை ஞாயிற்றுக்கிழமையே பி.ஆர். எண்டு போட்டிருந்தால், ஆரோ ஒராளுக்கு வேலை செய்துகொண்டிருந்ததை உடைச்சிருப்பன்.

நோட்டைச் சேமிக்கேக்கயும் தேடேக்கயும் நோர்மலைஸ் பண்ணினால், அதாவது ரெண்டையும் ஒரே வடிவமாக்கினால், சரிவருது. ஜாவாஸ்கிரிப்டில அதுக்கு ஃபங்ஷன் கூடவே இருக்கு. ஆனா நோட்டில இருக்கிறதை மாத்தக்கூடாது, இன்டெக்ஸுக்குப் போறதை மட்டும்.

சுன்னாகத்தான் | செவ்வாய் காலை 6.30

வேப்பம்பூ அக்கா, கோட் தெரியாது எண்டு இனிச் சொல்லாதையுங்கோ.

பனங்கொட்டை | செவ்வாய் இரவு 10.15

பி.ஆர். போடேல்ல. இஸ்யூவில கொமென்ட் போட எழுதி வச்சிருக்கிறன், இங்கிலீஷில. சாரம் இது, பாத்துச் சொல்லுங்கோ:

'வணக்கம், நான் இலங்கை யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த மாணவி. உங்கள் செயலியை நீண்ட காலமாகப் பாவிக்கிறேன், மிகவும் அருமை. தமிழ் மொழி இரண்டாயிரம் ஆண்டுப் பழமையானது. அதில் உயிர்மெய் எழுத்துகள் என்றொரு வகை உண்டு...' எண்டு தொடங்கி, பிறகு காரணம், பால், பில் உதாரணம், பழைய பி.ஆர்., இன்டெக்ஸ் அளவு, ரெண்டு 'கொ', மைக்ரேஷன் (பழைய டேபிளைப் புதுசுக்கு மாத்திறது) எப்பிடிச் செய்யலாம் எண்டு மூண்டு யோசனை. மொத்தம் ரெண்டு பக்கம்.

கச்சான்கடலை | செவ்வாய் இரவு 10.40

இரண்டாயிரம் ஆண்டை வெட்டுங்கோ. அருமையையும் வெட்டுங்கோ.

முதல் வரியில பிழை: 'பால்' தேடினால் 'பில்' வருது, 'பல்' வரேல்ல. அவருக்குத் தமிழ் தெரியாது, அதால கொப்பி பண்ணி ஒட்டிப் பாக்கக்கூடிய மாதிரி அஞ்சு சொல்லு. ரெண்டாவது, காரணம், ரெண்டு வரி. மூண்டாவது, பழைய பி.ஆர். லிங்க், அதில நீங்கள் கேட்ட அளவு இதுதான் எண்டு ஒரு எண். கடைசியில ஒரே ஒரு கேள்வி: பழைய டேபிளைத் திருப்பிக் கட்டுறதுக்கு உங்களுக்குச் சரியான நேரம் எது? மைக்ரேஷனுக்கு மூண்டு யோசனை குடுக்காதையுங்கோ. அவர் மூண்டையும் யோசிக்கோணும். இரவு பத்து மணிக்கு ஒருத்தனும் யோசிக்கான், டப்பை மூடிப்போட்டுப் படுப்பான்.

பனங்கொட்டை | அடுத்த திங்கள், மாலை 5.00

வெட்டிப் போட்டன், 14 வரி. புதன் போட்டது. இண்டைக்கு அஞ்சு நாள், பதில் இல்லை. ஞாபகப்படுத்தி ஒரு கொமென்ட் போடட்டோ? ஆரையாவது உங்களில போட்டு 'எனக்கும் வேணும்' எண்டு சொல்லச் சொல்லலாமோ?

ஒடியற்கூழ் | திங்கள் மாலை 5.30

வேண்டாம், முக்கியமா அந்த ரெண்டாவது வேண்டவே வேண்டாம். எக்ஸ்இசட் எண்ட ஃபைல் சுருக்கிற டூலின்ர கதை கேள்விப்பட்டிருப்பீங்கள். 2024 மார்ச் கடைசியில, எஸ்.எஸ்.எச். (தூரத்துக் கொம்பியூட்டருக்குள்ள போற வழி) லொகின் அரைச் செக்கன் பிந்துது எண்டு ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ன்ட் எண்ட டெவலப்பர் தோண்டிப் போய்த்தான் 5.6.0, 5.6.1 வேர்ஷன்களுக்குள்ள பின்கதவு வச்சிருந்தது பிடிபட்டது. அதுக்கு ரெண்டு வருஷம் முன்னமே களைச்சுப்போயிருந்த மெயின்டெய்னருக்கு, 'ஏன் பிந்துது, வேற ஆளைச் சேருங்கோ' எண்டு ஆரெண்டே தெரியாத பேர்களில மாறி மாறி நெருக்குதல் வந்தது. அப்பிடித்தான் பின்கதவு வச்ச ஆள் உள்ளுக்க வந்தது. இப்ப எந்த மெயின்டெய்னரும் புதுப் பேர்கள் கூட்டமா வந்து அவசரப்படுத்தினால் பயப்படுவினம். நியாயம்தானே.

ரெண்டு கிழமை விடுங்கோ. பிறகு ஒரு வரி.

மின்வெட்டு | திங்கள் இரவு 7.10

கேட்டுக்கொண்டு சும்மா இருக்காமல் அந்த ரெஸ்டுகளை எழுதி வையும். பதில் வந்தாலும் தேவை, வராட்டியும் உம்மட ஃபோர்க்கில (உம்மட பிரதியில) இருக்கட்டும். (ஓம், நான்தான் சொல்லுறன்.)

பனங்கொட்டை | பன்னிரண்டு நாளுக்குப் பிறகு, சனி இரவு 9.20

பதில் வந்தது. நான் ஞாபகப்படுத்த முதலே.

மெயின்டெய்னர் அந்த அஞ்சு சொல்லையும் ஒட்டிப் பாத்திருக்கிறார். 'பில்' வருது எண்டு சிரிச்சு எழுதியிருக்கிறார். சொன்னது இவ்வளவுதான்: டோக்கனைசர் மாற்றம் இப்ப வேண்டாம், அடுத்த பெரிய வேர்ஷனில எப்பிடியும் தேடல் டேபிளைத் திருப்பிக் கட்டுகினமாம், அதோட சேர்ப்பம். அதுவரைக்கும் நோர்மலைஸ் பண்ணுற பகுதியையும் ரெஸ்டுகளையும் தனிப் பி.ஆர். ஆத் தாங்கோ. மலையாளக்காரரும் வந்து தன்ர பங்குக்கு ஏழு சொல்லுத் தந்தார்.

பி.ஆர். போட்டன். ரெண்டு தரம் திருத்தச் சொன்னார். ஒண்டு, ஃபங்ஷனுக்கு நான் வச்ச பேர் நீளம். மற்றது, ரெஸ்ட் ஃபைலில ஒவ்வொரு தமிழ்ச் சொல்லுக்கும் பக்கத்தில இங்கிலீஷில கருத்து எழுதோணும், பிறகு வாறவைக்கு விளங்க. நேற்று மெர்ஜ்.

அப்ப நான் தொடங்கின பக் இன்னும் அப்பிடியே இருக்கு. இப்பவும் 'வேல்' தேடினால் கொக்குவில் வரும்.

சுன்னாகத்தான் | சனி இரவு 9.45

நல்லம். அடுத்த வேர்ஷன் வேலை தொடங்கேக்க அவர் உம்மைத்தான் கூப்பிடுவார், பாரும்.

அந்த டார்க் மோட் பட்டன் என்ன மாதிரி?

பனங்கொட்டை | சனி இரவு 9.52

53 கொமென்ட். 8 பி.ஆர்.

வேப்பம்பூ | ஞாயிறு காலை 8.05

பிள்ளை, ரெஸ்ட் ஃபைலைப் பாத்தன், வடிவா இருக்கு. 'ஸ்ரீ' சேர்க்கேல்லையே? அதுவும் ரெண்டு விதமா எழுதினம், ஸகரத்தில தொடங்கி ஒண்டு, 2005 இல யூனிகோடுக்கு வந்த ஶகரத்தில தொடங்கி ஒண்டு. கண்ணுக்கு ஒண்டுதான். ஆனா நோர்மலைஸ் அதைச் சேர்க்காது, யூனிகோடின்ர கணக்கில அது ரெண்டும் வேற வேற எழுத்து.

பனங்கொட்டை | ஞாயிறு காலை 8.30

தெரியும் அக்கா, ரெஸ்ட் எழுதேக்க பிழைச்சது. அது வேற இஸ்யூ எண்டு தனியாத் திறந்து, வரவைக்கிற வழியும் எழுதி விட்டிருக்கிறன். மெயின்டெய்னர் இப்பதான் 'குட் ஃபர்ஸ்ட் இஸ்யூ' ஒட்டினவர். ஒருத்தரும் போய் அசைன் கேக்காதையுங்கோ.